வராதவர்களுக்கு ஒரு பொட்டலம்

வெளியூர் போனால் தனக்கு என்ன கிடைக்கும் என்று கடை கடையாகப் பார்க்கிறவர்கள்தான் உலகத்தில் ஜாஸ்தி. நானும் அந்தக் கூட்டம்தான். எங்கள் எதிர்வீட்டு அக்கா மட்டும் வேறு மாதிரி. போன இடத்தில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, வீட்டில் யார் யார் தங்கிவிட்டார்கள் என்று விரலை மடக்க ஆரம்பித்துவிடுவார். பெரியவருக்கு ஒன்று, காய்ச்சலில் படுத்திருக்கிற பிள்ளைக்கு ஒன்று, ஷிப்ட்டுக்குப் போன ஆளுக்கு ஒன்று. வராத ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்ட பிறகுதான் சாமியையே நிமிர்ந்து பார்ப்பார்.

கடலூர் முதுநகரில், நாங்கள் ஓ.டி. என்று சொல்கிற பழைய ஊரில், ஆறு வீடுகள் கொண்ட ஒரு லைனில் குடியிருந்தோம். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, நடுவில் ஒரு குழாய். என் வாசலுக்கு நேர் எதிர் வாசல் அக்காவுடையது. இட்லி மாவு அரைத்து விற்பார். சின்ன வயதில் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்த கை அது. அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கருத்த விரல்நுனி, தினம் மாவில் ஊறியும் வெளுக்கவே இல்லை. அவர் பேர் எனக்குத் தெரியும். லைனில் யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதால் எழுதத் தோன்றவில்லை.

லைன் பெண்கள் நாலைந்து பேரைக் கிளப்பிக்கொண்டு போவது அக்காவின் வேலை. சில்வர் பீச், திருவதிகை, சிதம்பரம், பிச்சாவரம், தை மாதம் ஐந்தாம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழா. எல்லாம் பஸ் போகிற தூரம்தான். சிதம்பரத்துக்கே ஒன்றேகால் மணி நேரம். அதற்கே அக்கா ஒரு தூக்கு நிறையப் புளிசோறு கிளறி எடுத்துக்கொண்டு வருவார்.

"ஏன்க்கா, நாம என்ன காசிக்கா போறோம்?" என்பேன்.

"பசி வந்தா காசி என்னா, சிதம்பரம் என்னா. வாய மூடிக்கினு தூக்கப் புடி" என்பார்.

கூட வந்தவர்களுக்குப் பொட்டலம் கிடையாது. அது அவர் சட்டம். ஒரு தடவை சில்வர் பீச்சில் மாங்காய் போட்ட சுண்டலை அவர் வீட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்கும் ஒன்று கட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்.

"நீதான் வந்து கண்ணால பாத்துட்டியே. உனக்கு என்னாத்துக்கு?"

"வராதவங்களுக்கு மட்டும் என்னாத்துக்கு?"

"ஏன், அவுங்களுக்கு நாக்கு இல்லியா?"

அவ்வளவுதான் விளக்கம். லைனில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சின்ன வயதில் இவரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்பார் ஒருத்தர். பேர் வாங்குகிற ஆசை என்பார் இன்னொருத்தர். அக்கா எதற்கும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

பிச்சாவரம் போனபோது வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. படகில் ஏறி, காட்டுக்குள் சுற்றி, இறங்கிப் பார்த்தால் இருந்த ஒரே கடையும் மூடியிருந்தது. அக்காவுக்கு முகமே செத்துவிட்டது. கடைசியில் குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலில் அந்த உப்பங்கழித் தண்ணீரை மொண்டுகொண்டார். எங்கள் லைன் வீடுகளின் சொந்தக்காரர் ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். அக்கா அவர் முன்னால் அந்தப் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பெரியவர் நல்ல கையின் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"நம்ம ஹார்பர் தண்ணி மாரிதான் இருக்குது" என்றார்.

"பாத்தீங்களா? வராததுல உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்றார் அக்கா. அன்றைக்குப் பெரியவர் சிரித்ததை அவர் மனைவி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது பஸ் செம்மங்குப்பத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். கெமிக்கல் கம்பெனிகள் வரிசையாக இருக்கிற இடம். தூங்குகிறவர்கள்கூட அந்த வாடைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஊர் வந்துவிட்டது என்று. எல்லாரும் முந்தானையாலோ துண்டாலோ மூக்கை மூடுவோம். அக்கா மூக்கைத் திறந்து போட்டுவிட்டு, முந்தானையை எடுத்து மடியில் இருக்கிற பொட்டலங்களைச் சுற்றி இறுக்கி மூடுவார். வாடை உள்ளே போய்விடுமாம். நான் அதைக் கேலி செய்யாத தடவையே இல்லை.

அந்தக் கம்பெனிகளில் ஒன்றில்தான் என் வீட்டுக்காரர் கான்ட்ராக்டில் வெல்டராக இருந்தார். சுனாமி அலை வந்து நாலு மாதம் கழிந்து, ஒரு நாள் காலை, நான் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு முதல் ஷிப்ட்டுக்குப் போனார். வரவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி கேட்டில் போய் விசாரித்தால், அவர் வேலைக்கு வந்தே பத்து நாள் ஆகிறது என்றார்கள். அப்படியானால் அத்தனை நாளும் நான் கட்டிக்கொடுத்த சோறு எங்கே போனது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையிலேயே அவர் போட்டோவைப் பெரிதாக்கி, காணவில்லை என்று எழுதி ஒட்டினோம். பார்த்தவர்கள் எல்லாரும் "அலையிலயாம்மா?" என்றுதான் கேட்டார்கள். கடலூரில் அந்த வருஷம் காணவில்லை என்றால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. "இல்லைங்க, இது சித்திரையில" என்பேன். உடனே அவர்கள் முகத்தில் இருந்த இரக்கம் பாதியாகக் குறைந்துவிடும். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. அதற்கும் ஊர் ஏதேதோ பேசியது. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். கடைக்குப் போனேன், பேப்பர் வைத்தேன், பட்டனை அழுத்தினேன், வந்தேன். வீட்டில் இருந்தது அவரைப் பெற்ற என் அத்தை மட்டும். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வருவதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், வந்தது நானாக இருக்கிறேனே என்று.

எதிர்வீட்டு அக்கா மட்டும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பொடவைய மாத்திக்கினு வா, திருவதிகை போறோம்" என்றார். மறுத்துப் பேசுவதற்குத் தெம்பு இல்லாததால் போனேன். திரும்பும்போது பண்ருட்டியில் பலாச்சுளை வாங்கினார். பலா சீசன் அது. இரண்டு பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"இது பெரியம்மாவுக்கு. இது தம்பிக்கு."

"எந்தத் தம்பிக்கு?"

"உன் வூட்டுக்காரருக்குத்தான். அவரு வரல இல்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பைத்தியமா இந்தப் பொம்பளைக்கு என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் வரவில்லைதான்.

அத்தை இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார். தன்னுடையதைத் தின்றார், ஒரு மாதத்தில் அவர் ஆசையாகத் தின்றது அதுதான். மகனுடையதைப் பிரிக்காமல் மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டு, அலமாரியில் அவருடைய சட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். "ராத்திரி வந்துட்டான்னா கேப்பான்" என்றார். காலையில் அதை எடுத்து என்னிடம் கொடுத்தார். "வீணாக்காத, நீ துன்னுட்டுப் போ." அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் எங்கே போய்வந்தாலும் மறுநாள் காலை எனக்கு அவருடைய பொட்டலம்தான் பலகாரம். பழைய சுண்டல், நமுத்த பொரி, கல்லான அல்வா.

ஒரு தடவை சுண்டல் ஊசிப்போய்விட்டது. மூடியிருக்கும்போதே நாற்றம் தெரிந்தது. அத்தை குழாயடியில் இருந்த நேரம் பார்த்து அதை எடுத்துப் போய்ப் பின் மதிலில் கொட்டினேன். இரண்டு காக்காய் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், அத்தை ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"காக்காய்க்கா வெக்கிற? எம்புள்ள பொட்டலத்தக் காக்காய்க்கு வெக்கிறியாடி? அவன் என்னா செத்தா பூட்டான்?"

எங்கள் வீட்டில் காக்காய்க்குச் சோறு வைப்பது செத்துப்போனவர்கள் பேரைச் சொல்லித்தான். எனக்கு அது மறந்தே போயிருந்தது. மதிலில் சிதறியதைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து, அத்தை பார்க்க அப்படியே தின்றேன். அன்றைக்குக் கடையில் மூன்று தடவை வேலையை விட்டு வெளியே ஓட வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அக்காவிடம் போனேன். "இனிமே அவருக்கு வாங்காதக்கா. என்னால முடியல."

அக்கா கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டபடி கேட்டார். "அவரு இருக்காரா, இல்லியா?"

"அது எனக்கென்ன தெரியும்?"

"அப்ப இருக்காரு. இருக்கறவுங்களுக்கு வாங்காம எப்பிடி வர்றது?"

இதில் அவர் எவ்வளவு கறார் என்பது அடுத்த வருஷம் தெரிந்தது. நாங்கள் பீச்சில் இருந்த சாயங்காலம் லைன் சொந்தக்காரர் இறந்துபோனார். தெரியாமல் அக்கா சுண்டல் பொட்டலத்தோடு உள்ளே போய்விட்டார். சாவு வீட்டுக்குச் சுண்டலா என்று வந்த சொந்தங்கள் பிடித்துக்கொண்டார்கள். அக்கா பொட்டலத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு வெளியே வந்தார். பதினாறாம் நாள் இறந்தவரின் மனைவியே, அவருக்குப் பிடிக்குமே, படைக்கிறதுக்கு அந்தச் சுண்டலை வாங்கி வா என்று ஆள் விட்டார். அக்கா போகவில்லை. "செத்தவங்களுக்கு நான் வாங்க மாட்டேன். அவுங்களுக்குப் படைக்க ஆளு இருக்குது. நான் வாங்கறது உசுரோட இருக்கறவுங்களுக்கு" என்றார். அடுத்த தடவை விரல் மடக்கும்போது அந்த விரல் மடங்கவில்லை.

அத்தையும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து பொட்டலம் அவருக்குத் தின்பண்டம் அல்ல. அக்கா தம்பிக்கு என்று ஒன்று தருகிற வரைக்கும் மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான். ஜோசியக்காரன், குறிக்காரன் எல்லாரையும் விட்டுவிட்டார். நாங்கள் வெளியே போய்விட்டு வருகிற நாளில் வாசற்படியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும்தான், சொல்வதற்கென்ன, கடையில் அக்கா விரல் மடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். மடங்க வேண்டும் என்று பார்த்தேனா, மடங்கக் கூடாது என்று பார்த்தேனா, எனக்கே தெரியாது.

இப்படி ஆறு வருஷம் போகப்போகிற சமயத்தில், மார்கழித் தேருக்குச் சிதம்பரம் கிளம்பினார்கள். அத்தைக்குக் காய்ச்சல் என்று நான் போகவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். முதல் தடவையாக நானும் வராதவள். எனக்கென்று ஒரு பொட்டலம் வரும். பொழுது சாய அக்கா வந்தார். கையில் ஒன்றுமில்லை. எனக்கும் இல்லை, அத்தைக்கும் இல்லை, யாருக்குமே இல்லை. "கூட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை காய்ச்சல் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம். நான்தான் இரண்டு நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தை பிறந்து ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. எங்கள் பக்கத்து ஊர்ச் சாமிகள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு பெண்ணையாற்று மணலுக்கு வந்துவிடும். சாமிக்கு எவ்வளவு கூட்டமோ அவ்வளவு கூட்டம் சிறுவள்ளிக்கிழங்குக்கும் இருக்கும். வருஷத்தில் அந்தச் சமயத்தில்தான் கிடைக்கும் என்பதால் ஆற்றுக்குப் போய்விட்டுக் கிழங்கு இல்லாமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். அக்கா மண் ஒட்டிய கிழங்காகப் பார்த்துப் பொறுக்கி, பேப்பரில் சுற்றி, லைனில் தங்கிவிட்டவர்களுக்கு ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரு பொட்டலத்தை என் பையில் வைத்தார்.

"பெரியம்மாவுக்கு."

நான் பையை விரித்தபடியே நின்றேன். அக்கா கிழங்குக்காரியிடம் மீதியை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டு இறுக்கினார். விரல் மடங்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. செத்தவர்களுக்கு அவர் வாங்க மாட்டார். எங்கிருந்தோ சேதி வந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கப்படாமல் சொல்கிறேன், நிம்மதிதான். இனிமேல் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும். அலமாரியில் இருக்கிற சட்டையை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம்.

"அவரு போய்ட்டாராக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்ப ஏன் வாங்கல?"

அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவனுக்கு வாங்கிக் குடுக்க அங்க ஆள் இருக்குது."

ஆறு வருஷமாகத் தம்பி என்று சொன்னவர் அன்றைக்கு அவன் என்றார். என் வீட்டுக்காரர் சிதம்பரத்தில் தேர் பார்க்கிற கூட்டத்தில் நின்றிருந்தாராம். பக்கத்தில் ஒரு பெண். தோளில் மூன்று நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தப் பெண் பொரி வாங்கி அவர் கையில் கொடுத்தாளாம், அவர் ஒரு கை அள்ளித் தின்றுவிட்டுக் குழந்தைக்கு ஊட்டினாராம். கடைக்காரருக்கு அவர்களைத் தெரிந்திருந்தது, அதே தெருக்காரர்களாம்.

"அவரு உன்னப் பாத்தாரா?"

"இல்ல. நான் அந்தப் பொரிக்கடையிலதான் நின்னுக்கினு இருந்தேன். அவனுக்கும் சேத்துச் சொல்லியிருந்தேன், அஞ்சு பொட்டலம். அப்பிடியே போட்டுட்டு வந்துட்டேன்."

ஒன்றேகால் மணி நேர பஸ். அந்த ஆறு வருஷத்தில் நாங்களே நாலு தடவை சிதம்பரம் போயிருந்தோம். அவர் இருக்கிற ஊரிலிருந்தே அவருக்குப் பொட்டலம் வாங்கி, செம்மங்குப்பத்து வாடை படாமல் முந்தானையில் மூடி, எங்கள் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். மறுநாள் காலை அதை நான் தின்றிருக்கிறேன். இதை நினைத்துச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அல்லது அழுகை. மணல் சுட்டது, அதுதான் தெரிந்தது.

அதே வருஷக் கடைசியில் தானே புயல் லைன் வீடுகளின் கூரை ஷீட்டையெல்லாம் பிய்த்து எறிந்த பிறகு, அக்கா பண்ருட்டிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அவர் வாங்கி வந்த பொட்டலங்கள் இல்லை. ஆற்றிலிருந்து நாங்கள் வீடு திரும்பிய அந்தச் சாயங்காலம்தான்.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார். நான் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் கையை நீட்டினார்.

"எம்புள்ளைக்கு?"

நான் அக்காவைப் பார்த்தேன். வாங்கவில்லை என்று சொன்னால் அத்தைக்கு மகன் செத்துவிட்டான். ஏன் வாங்கவில்லை என்று சொன்னால் அதைவிட மோசம். நீட்டிய கை அப்படியே நின்றது.

"மறந்துட்டேன் பெரியம்மா" என்றார் அக்கா.

"நீயா? நீயா மறந்த?"

"வயசாவுது இல்ல. கூட்டத்துல நெனப்பு தப்பிடுச்சி."

அத்தை பிடித்துக்கொண்டார். லைன் முழுக்க வாங்கத் தெரிந்தவளுக்கு என் பிள்ளை ஒருத்தன் ஞாபகம் வரவில்லையா, கேட்பாரில்லாதவன் என்றுதானே விட்டுவிட்டாய், உன் பிள்ளையாக இருந்தால் மறப்பாயா, இவ்வளவு நாள் எல்லாம் வேஷம்தானா என்று குரல் தேய்கிற வரைக்கும் கேட்டார். ஆறு வீட்டுக் கதவும் திறந்தது. வராதவர்களை மறந்தவர் என்று அதுவரை அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அக்கா குழாய்க்குப் பக்கத்தில், கையில் மற்றவர்களின் பொட்டலங்களோடு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "தப்புதான் பெரியம்மா. அடுத்த தபா மறக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை எனக்குப் பழசு எதுவும் இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மாவை மொண்டு ஊற்றினார். வந்து நாலு இட்லி ஊற்றி எடுத்தேன். ஆவி பறந்தது. அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் தட்டை வைத்துக்கொண்டு பார்த்தேன். வரவில்லை. சூடு ஆறுவதற்குள் நாலையும் தின்றுவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.